நீலப் பறவை டீம்: கோர்ட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாயங்காலம் நாங்கள் கூடைப்பந்து ஆடும் சிமென்ட் கோர்ட்டுக்குப் போன வருஷம் ஒரு பையன் நீல நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தான். நெஞ்சில் மஞ்சள் அலகும், காலில் மஞ்சள் பூட்ஸுமாக ஒரு பறவை. அமெரிக்காவில் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கும் அவன் அண்ணன் வாங்கி அனுப்பியதாம். அந்தப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் சின்னம் அந்தப் பறவை. அன்றைக்கு ஆரம்பித்த கேள்விகள் இன்னும் நின்றபாடில்லை. பிள்ளைகள் கேட்கிறார்கள், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் கேட்கிறார்கள், டீக்கடையில்கூடக் கேட்கிறார்கள். நான் பி.டி. மாஸ்டர் இல்லை. ஒரு காலத்தில் காலேஜ் டீமில் ஆடியவன், இப்போது உள்ளூர் டோர்னமென்டுகளில் விசில் ஊதுகிறவன். சொன்னதையே சொல்லிச் சலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

சார், அது என்ன பறவை? கழுகா, கிளியா?

இரண்டும் இல்லை. ஜேஹாக் என்று பெயர். எந்தக் காட்டில் தேடினாலும் கிடைக்காது. புளூ ஜே என்ற சண்டைக்காரப் பறவையையும் வல்லூறையும் ஒட்டிச் செய்த கற்பனைப் பறவை அது. 1850களில் கான்சஸில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்று அடிதடி நடந்தது. அந்தக் காலத்தில் புழங்கிய பட்டப்பெயர், கடைசியில் அடிமை முறை கூடாது என்றவர்களோடு ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழகம் அதைத் தன் பெயராக எடுத்துக்கொண்டது.

அவர்கள் கத்தும் கோஷம் 'ராக் சாக், ஜேஹாக், கே.யூ.'. கே.யூ. என்பது கான்சஸ் பல்கலைக்கழகத்தின் சுருக்கப் பெயர். 1886-இல் ஒரு வேதியியல் பேராசிரியர் போட்டுக் கொடுத்தது. முதலில் 'ரா ரா' என்றுதான் இருந்தது. பல்கலைக்கழகம் நிற்கும் குன்று சுண்ணாம்புக்கல் என்பதால் அப்புறம் 'ராக் சாக்' ஆனது. மெதுவாக, கோயிலில் பாடுவது போல இழுத்துச் சொல்வார்கள். எதிரணிக்கு வயிற்றைக் கலக்கும்.

வார்சிட்டி டீம்னா என்ன? காலேஜ் டீமைத்தான் அப்படிச் சொல்றாங்களா?

'யூனிவர்சிட்டி' என்ற சொல்லின் பின்பாதி பழைய ஆங்கில உச்சரிப்பில் திரிந்து 'வார்சிட்டி' ஆனது, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு கல்வி நிலையத்தின் முதன்மை அணிக்கு அந்தப் பெயர். அதற்குக் கீழே ஜூனியர் வார்சிட்டி. நம் பாஷையில் ஏ டீம், பி டீம்.

ஒரு வித்தியாசம் மட்டும் மனதில் இருக்கட்டும். அங்கே பல்கலைக்கழகம் என்றால் ஒரே வளாகம், ஒரே அணி. இங்கே பல்கலைக்கழகம் என்றால் அதன் கீழே எத்தனையோ கல்லூரிகள். அந்தக் குழப்பத்துக்குப் பின்னால் வருகிறேன்.

கூடைப்பந்தைக் கண்டுபிடிச்சவரே இந்த டீமுக்குக் கோச்சா இருந்தாராமே? கதை விடாதீங்கண்ணா!

கதை இல்லை. ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடாவில் பிறந்தவர். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் வாத்தியார். வெளியே பனி. உள்ளே 18 வாலிபர்கள் தண்டால் எடுத்து அலுத்துப்போய் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அடக்க ஒரு விளையாட்டு வேண்டும் என்று மேலதிகாரி சொல்ல, பீச் பழம் போடும் கூடைகள் இரண்டை மாடி வராண்டாவில் அடித்துவிட்டு, 13 விதிகள் எழுதினார். பக்கத்துக்கு 9 பேர், கால்பந்தாட்டப் பந்து. முதல் ஆட்டத்தில் விழுந்தது மொத்தமே ஒரு கூடை.

ரிங் ஏன் 10 அடி உயரத்தில் இருக்கிறது என்று மாதம் ஒருவராவது கேட்பீர்கள். விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. அந்த வராண்டா 10 அடி உயரத்தில் இருந்தது. ஒன்பது அடியில் இருந்திருந்தால் நம்மில் பாதிப்பேர் எம்பி, பந்தை மேலிருந்து ரிங்குக்குள் அழுத்தி, டங்க் அடித்திருப்போம்.

1898-இல் அவர் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். உடற்கல்வி சொல்லிக்கொடுக்கவும், தினசரிப் பிரார்த்தனையை நடத்தவும்தான் வேலைக்கு எடுத்தார்கள். கூடைப்பந்துக்காக யாரும் அவரை அழைக்கவில்லை. ஆனால் அவர் இருக்கும் இடத்தில் அந்த ஆட்டம் தானாக முளைத்துவிட்டது.

கண்டுபிடிச்சவரே கோச்னா எல்லா மேட்ச்சும் ஜெயிச்சிருப்பாங்களே?

இங்கேதான் எனக்கு இந்த அணியைப் பிடித்துப்போனது. 1899 பிப்ரவரி 3-ஆம் தேதி முதல் ஆட்டம், கான்சஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. அணியோடு. 16-5 என்று தோற்றார்கள். நெய்ஸ்மித் 1907 வரை பொறுப்பில் இருந்தார். 55 வெற்றி, 60 தோல்வி. இத்தனை பெரிய பெயர் வாங்கிய அணியில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருக்கும் ஒரே கோச், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான்.

அவருக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. ஜெயிப்பதற்காக அவர் அதை உண்டாக்கவில்லை. பிள்ளைகள் உடம்பை அசைக்க வேண்டும், ஒருவரை ஒருவர் மோதிக் காயப்படுத்தக் கூடாது, அது போதும் அவருக்கு. பல ஆட்டங்களுக்கு அவரே ரெஃப்ரியாகவும் நின்றிருக்கிறார். விசில் ஊதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் ஒட்டுதல் உண்டு.

அப்ப டீமை உருவாக்கினது யாரு?

ஃபாக் ஆலன். நெய்ஸ்மித்திடம் ஆடிய மாணவர். கோச்சாகப் போகிறேன் என்று சொன்னபோது, 'இந்த ஆட்டத்துக்குக் கோச்சிங் எல்லாம் கிடையாதப்பா, ஆடினால் போதும்' என்று குரு சிரித்தாராம். சிஷ்யன் கேட்கவில்லை. 1907-இல் பொறுப்பேற்று இரண்டு வருஷம் இருந்தார். நடுவில் வெளியே போய் எலும்பு, தசை வைத்தியம் படித்தார். 1919-இல் திரும்பி வந்து 1956 வரை அசையவில்லை. கான்சஸில் மட்டும் 590 வெற்றிகள். குரல் கப்பல் சங்கு போல இருக்கும் என்பதால் 'ஃபாக்ஹார்ன்' என்று கூப்பிட்டு, அது சுருங்கி 'ஃபாக்' ஆனது. துறைமுக ஊர்க்காரர்களுக்கு அந்தப் பட்டப்பெயரை விளக்க வேண்டியதில்லை.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்தைச் சேர்க்க அலையாய் அலைந்தவர்களில் ஆலன் முக்கியமானவர். அவர் முன்னின்று தொடங்கிய கோச்சுகள் சங்கம் பணம் திரட்டி, வயதான நெய்ஸ்மித்தை பெர்லினுக்கு அனுப்பிவைத்தது. அங்கே இறுதி ஆட்டம் எப்படி நடந்தது தெரியுமா? திறந்தவெளி, மண் தரை, கொட்டும் மழை. பந்து தட்டினால் எழவில்லை. அமெரிக்கா 19, கனடா 8. நம் கோர்ட்டில் நவம்பர் மாதம் ஆடும் ஆட்டத்தின் ஸ்கோர் மாதிரியே இருக்கும்.

ஆலனிடம் ஆடியவர்கள்தான் இந்தக் கதையின் கிளைகள். அடால்ஃப் ரப் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாகப் போய் 876 ஆட்டம் ஜெயித்தார். டீன் ஸ்மித் வட கரோலினாவுக்குப் போய் 879. டீன் ஸ்மித்தின் அணியில் 1982-இல் முதல் வருஷ மாணவன் ஒருவன் கடைசி நேரத்தில் போட்ட ஷாட்டில் சாம்பியன் பட்டம் வந்தது. அந்தப் பையன் மைக்கேல் ஜோர்டான். நெய்ஸ்மித், ஆலன், ஸ்மித், ஜோர்டான். நாகஸ்வரக்காரர்கள் தங்கள் பரம்பரை சொல்வது போல, நான்கே தலைமுறையில் சொல்லி முடித்துவிடலாம்.

அவங்க ஸ்டேடியம் பத்தி ரொம்பப் பேசறாங்களே, அப்படி என்ன இருக்கு அங்க?

ஆலன் ஃபீல்ட்ஹவுஸ். 1955 மார்ச் 1-ஆம் தேதி திறந்தார்கள். பல காலம் 16,300 பேர் உட்காரும் இடமாக இருந்தது. கோர்ட்டுக்கு நெய்ஸ்மித் பெயர், கட்டடத்துக்கு ஆலன் பெயர். குருவும் சிஷ்யனும் ஒரே கூரையின் கீழ். எதிரணியை அறிமுகப்படுத்தும்போது மாணவர்கள் செய்தித்தாளை விரித்து 'எங்களுக்கு உங்களைப் பார்க்க நேரமில்லை' என்பது போலப் படிப்பார்கள். தங்கள் அணி வந்ததும் அதைக் கிழித்து மேலே வீசுவார்கள். ஜெயித்தால் கைகளைத் தூக்கி இடம் வலமாக ஆட்டுவார்கள். விளைந்த கோதுமை வயல் காற்றில் ஆடுவதாம். 2017-இல் அங்கே கூட்டத்தின் சத்தத்தை அளந்தபோது 130.4 டெசிபல் வந்தது.

வில்ட் சேம்பர்லைன் இந்த டீம்தானாமே! முதல் வருஷம் மட்டும் ஏன் ஆடலை? அடிபட்டுச்சா?

பிற்பாடு தொழில்முறைக் கூடைப்பந்தில் பெரிய நட்சத்திரமான அந்த ஏழடிக்காரருக்கு அடி ஒன்றும் இல்லை. அப்போதைய விதிப்படி முதலாம் ஆண்டு மாணவர்கள் வார்சிட்டி அணியில் ஆடக் கூடாது. முதலில் படிப்பில் காலூன்றட்டும் என்று. 1972-73 பருவத்தில்தான் அந்தத் தடை போனது. அதனால் 1955-இல் வந்த சேம்பர்லைனுக்கு முதல் வருஷம் ஜூனியர் அணிதான்.

ஆனால் அந்த வருஷம் ஒரு வேடிக்கை நடந்தது. முதலாம் ஆண்டு அணிக்கும் வார்சிட்டி அணிக்கும் வழக்கமாக ஒரு ஆட்டம் உண்டு. சீனியர்கள் ஜெயிப்பதும் வழக்கம். அந்தத் தடவை ஜூனியர்கள் 81-71 என்று ஜெயித்தார்கள். சேம்பர்லைன் ஒருவரே 42 பாயின்ட், 29 ரீபவுண்ட் (குறி தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது). அடுத்த வருஷம் வார்சிட்டியில் அவர் ஆடிய முதல் ஆட்டத்தில் 52 பாயின்ட், 31 ரீபவுண்ட்.

ஃபிலடெல்ஃபியாவிலிருந்து அவரைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தவர் ஆலன். ஆனால் 70 வயதானால் ஓய்வு என்ற விதி 1956-இல் ஆலனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தான் நட்ட மரத்தின் காயை அவர் பறிக்கவே இல்லை.

1957 ஃபைனல்ல அவ்ளோ உயரமா ஒருத்தர் இருந்தும் எப்படித் தோத்தாங்க?

இதைக் கேட்காத உயரமான பையனே நம் கோர்ட்டில் இல்லை. அது தேசியக் கல்லூரிச் சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டம். எதிரணி வட கரோலினா. அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காதவர்கள். ஆட்டம் தொடங்கும் ஜம்ப் பாலுக்கு, 7 அடி 1 அங்குல சேம்பர்லைனுக்கு எதிரே 5 அடி 11 அங்குலமுள்ள டாமி கேர்ன்ஸை நிறுத்தினார் அவர்கள் கோச். பந்து எப்படியும் கிடைக்கப் போவதில்லை; அப்புறம் எதற்கு உயரமானவரை அங்கே வீணாக்க வேண்டும், கொஞ்சம் நக்கலாவது இருக்கட்டும் என்று.

அதற்குப் பிறகு சேம்பர்லைனை முன்னும் பின்னுமாகச் சூழ்ந்துகொண்டார்கள். பந்தை அவசரமே இல்லாமல் கைமாற்றினார்கள். இத்தனை விநாடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஷாட் கிளாக் அப்போது கல்லூரி ஆட்டத்தில் கிடையாது. மூன்று ஓவர்டைம். கடைசி 6 விநாடியில் இரண்டு ஃப்ரீ த்ரோ, 54-53. சேம்பர்லைனுக்குப் போட்ட கடைசி பாஸையும் தட்டிவிட்டார்கள். முந்தின நாள் அரையிறுதியிலும் இதே வட கரோலினா மூன்று ஓவர்டைம் ஆடிவிட்டுத்தான் வந்திருந்தது.

சேம்பர்லைன் இன்னும் ஒரு பருவம் ஆடிவிட்டு, படிப்பு முடியுமுன்பே 1958-இல் கிளம்பிவிட்டார். அந்தத் தோல்விக்குத் தன்னைத்தான் பழி சொல்வார்கள் என்று நினைத்துப் பல காலம் அந்தப் பக்கமே வரத் தயங்கினார். 1998 ஜனவரியில் அவருடைய 13-ஆம் எண் ஜெர்சியைக் கூரையில் ஏற்றியபோது வந்தார். மாணவனாக இருந்தபோது போட்ட பழைய கல்லூரி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து, 'ராக் சாக், ஜேஹாக்' என்று முடித்தார். அடுத்த வருஷம் இறந்துபோனார்.

மொத்தம் எத்தனை கப்? ஒரு இடத்துல நாலுங்கறாங்க, இன்னொரு இடத்துல ஆறுங்கறாங்க.

இரண்டுமே சரி, எண்ணும் விதம்தான் வேறு. என்.சி.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் போட்டி 1939-இல்தான் தொடங்கியது. அதில் கான்சஸ் ஜெயித்தது நான்கு முறை: 1952, 1988, 2008, 2022. அதற்கு முன்பு அந்தப் போட்டி கிடையாது. ஹெல்ம்ஸ் என்ற அமைப்பு பிற்காலத்தில் பழைய பதிவேடுகளைப் புரட்டி, இந்த இந்த வருஷம் இவர்கள்தான் சிறந்த அணி என்று பட்டம் கொடுத்தது. அதில் கான்சஸுக்கு 1922, 1923. ஆடாமல் வந்த கப்பை எண்ணலாமா என்றால், நான் எண்ண மாட்டேன். கான்சஸ் பதாகை தொங்கவிட்டிருக்கிறது.

1952 அணிக்கு ஒரு கூடுதல் பெருமை. அந்த அணியிலிருந்து ஏழு பேர் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு ஆடித் தங்கம் வாங்கினார்கள்.

ஒரே ஒரு பழைய மேட்ச் பார்க்கணும்னா எதைப் பார்க்கலாம்?

என்னைக் கேட்டால் 2008. மெம்ஃபிஸோடு இறுதி. இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது 9 பாயின்ட் பின்தங்கல். எதிரணி ஃப்ரீ த்ரோவைக் கோட்டைவிட்டுக்கொண்டே வர, 2.1 விநாடி மிச்சமிருக்கையில் மாரியோ சால்மர்ஸ் மூன்று பாயின்ட் ஷாட் போட்டுச் சமன் செய்தார். ஓவர்டைமில் 75-68. ஃப்ரீ த்ரோ பயிற்சிக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

2022-உம் மோசமில்லை. பாதி ஆட்டத்தில் 15 பாயின்ட் பின்தங்கி, 72-69 என்று முடித்தார்கள். எதிரணி யார் என்கிறீர்கள்? அதே வட கரோலினா. 1988 அணி 11 ஆட்டம் தோற்றுவிட்டுச் சாம்பியன் ஆனது. இறுதியில் டேனி மேனிங் மட்டும் 31 பாயின்ட், 18 ரீபவுண்ட்.

பொண்ணுங்க டீம் பத்தி யாருமே பேசறதில்லையே அண்ணா?

கேட்டது நியாயம். கேட்டவள் எங்கள் கோர்ட்டின் சிறந்த பாயின்ட் கார்டு. கான்சஸ் பெண்கள் அணி 1968-69 பருவத்தில் தொடங்கியது. 1973 முதல் 2004 வரை மேரியன் வாஷிங்டன் கோச். அவரிடம் 1977 முதல் 1981 வரை ஆடிய லினெட் வுடார்ட் 3,649 பாயின்ட் எடுத்தார். அப்போது மூன்று பாயின்ட் கோடு கிடையாது. பெண்களுக்கான சிறிய பந்தும் வரவில்லை. ஆண்கள் பந்தில்தான் ஆடினார்கள்.

அப்படியும் அந்த எண்ணிக்கை என்.சி.ஏ.ஏ. சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. அந்தக் காலத்தில் பெண்கள் விளையாட்டை வேறொரு அமைப்பு நடத்தியது, என்.சி.ஏ.ஏ. பெண்கள் போட்டியைக் கையில் எடுத்தது 1982-இல்தான். 2024-இல் அயோவா பல்கலைக்கழக வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் 3,649-ஐத் தாண்டியபோதுதான் பலர் வுடார்ட் பெயரையே கேள்விப்பட்டார்கள். மேலே ஹெல்ம்ஸ் பட்டத்தைப் பற்றிச் சொன்னேனே, அங்கே ஆடாமல் வந்தது கணக்கில் ஏறியது. இங்கே ஆடி எடுத்தது ஏறவில்லை. வுடார்ட் 1984 ஒலிம்பிக் தங்க அணிக்கு கேப்டன். மறு வருஷம், ஊர் ஊராகப் போய்ப் பந்து வித்தை காட்டி ஆடும் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியில் ஆடிய முதல் பெண்.

அவங்க ஜெயிச்சதை எல்லாம் அழிச்சுட்டாங்கன்னு படிச்சேன். நெசமா?

எல்லாம் இல்லை, கொஞ்சம். ஆடத் தகுதியில்லாத ஒரு வீரரை ஆடவைத்ததற்காக, 2017-18 பருவத்தின் 15 வெற்றிகளையும், அந்த வருஷம் கடைசி நான்கில் வந்ததையும் 2023 அக்டோபரில் கணக்கிலிருந்து நீக்கினார்கள். பதாகை இறங்கியது. அதிக வெற்றி பெற்ற அணி என்ற பட்டத்தில் கென்டக்கி மறுபடி முன்னால் போனது. 2022 சாம்பியன் பட்டத்துக்கு ஆபத்தில்லை.

அந்த 13 விதி எழுதின பேப்பர் இன்னும் இருக்கா?

இருக்கிறது. டைப் அடித்த இரண்டு தாள்கள். 2010 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போனது. எடுத்தவர் டேவிட் பூத், கான்சஸில் படித்தவர். ஃபீல்ட்ஹவுஸை ஒட்டியே ஒரு கட்டடம் எழுப்பி அங்கே வைத்திருக்கிறார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்று அதில் இருக்கிறது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிள் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அது ஆடுகிறவர்கள் பிற்பாடு கண்டுபிடித்த தந்திரம்.

டிவியில பார்த்தா ரூல் வேற மாதிரி இருக்கே. நம்ம ரூல் தப்பா, அவங்க ரூல் தப்பா?

நாம் ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதி: பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி, 24 விநாடி ஷாட் கிளாக். அமெரிக்க ஆண்கள் கல்லூரி ஆட்டம் பல காலமாகவே 20 நிமிடமாக இரண்டு பாதி; 2015-16 பருவத்திலிருந்து 30 விநாடி ஷாட் கிளாக். ஐந்து பவுல் வாங்கினால் வெளியே என்பது இரண்டிலும் ஒன்றுதான். இன்னொரு வேடிக்கை: 1967 முதல் 1976 வரை கல்லூரி ஆட்டத்தில் டங்க் அடிக்கவே தடை. அமெரிக்க ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் விசிலுக்குச் சண்டை போடாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

இதெல்லாம் அங்க நடந்தது. நம்ம ஊருக்கு இந்த ஆட்டம் எப்படிங்க வந்துச்சு?

ஒய்.எம்.சி.ஏ. வழியாக. நெய்ஸ்மித் இருந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு அவர்தான் மேலாளர். அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பி.டி. மாஸ்டர்கள் தமிழ்நாட்டில் எந்த ஊரில் இல்லை?

எனக்குப் பந்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரும் நந்தனத்தில் படித்தவர்தான். உள்ளங்கை படக் கூடாது, விரல் நுனியில் நிற்க வேண்டும் என்பார். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே தன் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். விரல் நுழையாவிட்டால் கோர்ட்டைச் சுற்றி ஒரு ஓட்டம். பந்து இல்லாத நாளில் தேங்காயை வைத்துக்கொண்டுகூட இதைச் செய்யவைத்திருக்கிறார்.

சரி, நம்ம யூனிவர்சிட்டி டீம்ல சேரணும்னா என்ன பண்ணணும்?

முதலில் உன் காலேஜ் டீம். அப்புறம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அங்கே கண்ணில் பட்டவர்களைத் தேர்வுக்கு அழைத்து, கேம்ப் போட்டு, 12 பேரை எடுப்பார்கள். அந்த அணி தென் மண்டலப் போட்டிக்குப் போகும். அதைத்தான் எல்லாரும் 'சவுத் ஸோன்' என்கிறோம். நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். மண்டலத்தில் முன்னால் வரும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்கு. 2020 முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டும் சேர்ந்திருக்கிறது.

ரெகுலர் மாணவராக இருக்க வேண்டும், வயது வரம்பும் உண்டு. தொலைதூரக் கல்வியில் சேர்ந்தவர்கள் ஆட முடியாது. நம் மாவட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்றாலே தபால் படிப்பு நினைவுக்கு வருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சவுத் ஸோன் சர்டிஃபிகேட்டை லேமினேட் பண்ணிப் பத்திரமாக வையுங்கள்; வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள். என்னுடையது வெள்ளத்தில் போனது.

எங்கப்பா மெட்ராஸ் யூனிவர்சிட்டி ஜெர்சி வெச்சிருக்காரு, மாமா திருவள்ளுவர்ங்கறாரு, அக்கா அண்ணாமலைங்கறா. மூணு பேரும் ஒரே காலேஜ்தான். யாரு பொய் சொல்றாங்க?

யாரும் பொய் சொல்லவில்லை. முன்பெல்லாம் கடலூர்க் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும் அதன் கீழ் போயின. 1929-இல் தொடங்கிய அண்ணாமலை, தன் வளாகத்துக்குள்ளேயே நடந்த பல்கலைக்கழகம். வெளிக் கல்லூரிகள் அதில் கிடையாது. 2021-இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறைக் கல்லூரிகள் அதனோடு இணைந்தன.

கான்சஸ்காரர்கள் 1899-லிருந்து ஒரே பெயரில் ஒரே கணக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் இதனால்தான். நம் காலேஜில் அதே கோர்ட், அதே துருப்பிடித்த ரிங். நெஞ்சில் எழுதிய பெயர் மட்டும் இரண்டு முறை மாறிவிட்டது. வெற்றி தோல்வியை யார் எழுதி வைப்பது?

பாண்டிச்சேரியில சேர்ந்தா சான்ஸ் ஜாஸ்தியா?

சான்ஸ் கையில் இருக்கும் ஷாட்டைப் பொறுத்தது. புதுவைப் பல்கலைக்கழகம் 1985-இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம், காலாப்பட்டில் இருக்கிறது. காரைக்கால், மாஹே, ஏனாம் மட்டுமல்ல, அந்தமான் கல்லூரிகளும் அதன் எல்லைக்குள் வரும். ஒரு டைம் அவுட்டில் தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி நான்கும் காதில் விழலாம். கோச்சுக்குக் கை ஜாடை நன்றாக வர வேண்டும்.

அமெரிக்கால காலேஜ் பசங்களுக்கே சம்பளமாமே?

பல காலம் ஸ்காலர்ஷிப் மட்டும்தான். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025-இல் ஒரு வழக்குச் சமரசத்தில் பல்கலைக்கழகமே நேரடியாகக் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. முதல் வருஷம் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் உச்சவரம்பு. மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு இதில் சிக்கல் உண்டு, அங்கே வேலை பார்த்துச் சம்பாதிக்கக் கட்டுப்பாடு இருப்பதால்.

சார், என் பையன் பி.இ. முடிச்சுட்டு அங்கயே எம்.எஸ். போறான். நல்லா ஆடுவான். அந்த டீம்ல சேர்த்துப்பாங்களா?

அம்மா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முழுநேர மாணவனாகக் கல்லூரியில் முதன்முதலில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருஷக் கணக்கு ஓடும். வெளிநாட்டுக் கல்லூரி என்றாலும் ஓடும். பி.இ.யிலேயே நான்கு போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒரு வருஷத்துக்காக அவர்கள் யாரையும் தேட மாட்டார்கள். பள்ளியிலேயே கண்டுபிடித்து, வீடு தேடிப் போய்ப் பேசிக் கூட்டிவருகிற பிள்ளைகள் அவர்கள். சேம்பர்லைன் எப்படி வந்தார் என்று மேலே இருக்கிறது.

அதற்காக ஆடாமல் இருக்க வேண்டியதில்லை. மாணவர் உடற்பயிற்சிக் கூடத்தில் மரத்தரை கோர்ட்டுகள் இருக்கும், அடையாள அட்டையைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். துறைகளுக்குள் நடக்கும் போட்டிகளில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். அங்கே சேர்ந்து ஆடச் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று அவனிடம் சொல்லி அனுப்புங்கள். நம் கோர்ட்டில் சாயங்காலம் கடல் காற்று அடிக்கும். வடக்கு ரிங்குக்கு ஷாட் போடும்போது ஒரு சாண் கடல் பக்கம் தள்ளிக் குறிவைக்கப் பழகிய கை அவனுடையது, நான்தான் பழக்கினேன். கான்சஸ் பல்கலைக்கழகம் இருக்கும் லாரன்ஸ் நகரம் அமெரிக்காவின் நட்ட நடுவில். ஆடுவதும் கூரைக்குள். முதல் ஒரு வாரம் பந்தெல்லாம் வலப்பக்கம் போகும். பயந்துபோய்க் கையை மாற்ற வேண்டாம், குறியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.